வெங்காயத்துல ‘ஃப்ரெஷ்’ தேடாதீங்க பாஸ்!



இந்த வாரம் ஒரு குட்டி க்விஸ்ஸோட ஸ்டார்ட் பண்ணலாமா? கொத்தமல்லி, கீரை, தக்காளி, வெங்காயம்... இந்த நாலுல எதை ‘ஃப்ரெஷ்’ஷா வாங்கினா பர்ஸுக்கு ஆகாது?

கரெக்ட்! தலைப்பைப் படிச்சுட்டுத்தானே சொல்றீங்க... அதனால பரிசெல்லாம் கிடையாது. ஆனா, காரணம் தெரியுமா? அதுதான் இந்த வார மேட்டர்.

ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு டாட்டா காட்டிட்டு, நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்து, ஒரு அடுப்பு, ஒரு குக்கர்னு குடித்தனம் நடத்துற கூட்டம் இப்போ எல்லா காலேஜைச் சுத்தியும் இருக்கு. கோயம்புத்தூர்ல நாங்களும் அந்த ஜாதிதான். நீங்களும் அந்தக் கூட்டம்னா ஒரு விஷயம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அரிசி ஊர்லேர்ந்து மூட்டையா வந்துடும். முட்டையை எண்ணி வாங்குறோம். சிக்கன் வாரத்துக்கு ஒரு தடவை. ஆனா, எண்ணாம, பார்க்காம தினம் தினம் காலியாகுற ஐட்டம் வெங்காயம் மட்டும்தான். உப்புமாவா? வெங்காயம். ஆம்லெட்டா? வெங்காயம். தயிர் சாதத்துக்குத் தொட்டுக்க ஒண்ணுமே இல்லையா? அதே வெங்காயம்!

தீர்ந்துபோனா கை நேரா போனுக்குப் போகுது. ஆப்பைத் திறந்தா பளபளன்னு ஒரு போட்டோ, பக்கத்துல ‘ஃப்ரெஷ்’னு ஒரு முத்திரை. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல வாசல்ல பை. போன மாசம் எங்க ரூமுக்கு அப்படி வந்த ரெண்டு கிலோ பையைப் பிரிச்சோம். கழுத்துப் பக்கம் அமுக்கினா ‘பொதுக்’னு உள்ளே போறது ரெண்டு. பச்சையா முளை விட்டது ஒண்ணு. மிச்சமெல்லாம் தொட்டாலே கை ஈரமாகுது. எந்த ஆப்னு கேட்காதீங்க, எல்லா ஆப்லயும் நல்ல நாள், கெட்ட நாள் ரெண்டும் உண்டு.

‘‘ஃப்ரெஷ்னுதானே மாப்ள போட்டிருந்தான்?’’னு ரூம்மேட் பாவமா கேட்டான்.

‘‘அதனாலதான்டா இப்படி இருக்கு’’ன்னேன்.

நியூட்ரினோ ஊர்... வெங்காய வீடு!

‘இவனுக்கு என்ன வெங்காயம் தெரியும்?’னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். எனக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம் பொட்டிப்புரம். பேரைக் கேட்டதும் ‘நியூட்ரினோ?’ன்னு புருவத்தைத் தூக்குவீங்களே... அதே ஊர்தான். அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது, அப்புறம் போராட்டம், வழக்கு, 2022-ல உச்ச நீதிமன்றத்துல தமிழக அரசு தெரிவிச்ச எதிர்ப்பு... அதைத் தனித் தொடராவே எழுதலாம். ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட் நண்பர்கள் இன்னிக்கும் என்கிட்ட மலைக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் விசாரிக்கிறாங்க. மலைக்குக் கீழே என்ன விளையுதுன்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

கம்பம் பள்ளத்தாக்குன்னா எல்லாருக்கும் முல்லைப் பெரியாறு, ரெண்டு போக நெல்லு, பன்னீர் திராட்சைதான் ஞாபகம் வரும். எங்க தோட்டம் மலையடிவாரத்துல, கிணத்தை நம்பி இருக்கு. குறைஞ்ச தண்ணி, குறைஞ்ச நாள்... சீக்கிரம் கையில காசு. இந்த மூணுக்கும் ஒத்துவர்ற பயிரா எங்க வீட்டுல போடுறது சின்ன வெங்காயம். வீட்டுப் பேச்சுல அதை ‘வெங்காயம்’னுகூடச் சொல்ல மாட்டோம். வெறும் ‘காய்’தான். பெரிய வெங்காயத்தைப் ‘பல்லாரி’ன்னுவோம், கர்நாடகாவோட பெல்லாரியிலேர்ந்து வந்த பேரு. இதே பெரிய வெங்காயத்துக்கு இலங்கையில ‘பம்பாய் வெங்காயம்’னு பேரு. எந்த ஊர்லேர்ந்து வந்துச்சோ அந்த ஊர்ப் பேரையே வெச்சுட்டாங்க!

காய வெச்சாதான் காய்!

இனி மெயின் மேட்டர். வெங்காயத்துல எண்பத்தஞ்சு சதவிகிதத்துக்கு மேல தண்ணி. அதைப் பிடுங்கின அன்னிக்கே சாக்குல கட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மூட்டைக்குள்ள புழுக்கம். நாலாவது நாள் நாத்தம்.

அதனால ஒரு முறை இருக்கு. வெங்காயத் தாள் தலை சாய்ஞ்சு படுத்ததும் பிடுங்குவாங்க. தாளோடயே சில நாள் தோட்டத்துல வரிசையா போட்டு வைப்பாங்க. ஒரு வரிசையோட தாள் அடுத்த வரிசைக் காய்க்குக் குடை பிடிக்கிற மாதிரி! இல்லேன்னா வெயில் நேரா பட்டு காய் வெந்துடும். அப்புறம் காய்க்கு மேல ஒரு ரெண்டு சென்டிமீட்டர் விட்டுத் தாளை அறுத்துட்டு, நிழல்ல பரப்பி ஒரு வாரம், பத்து நாள் ஆற விடுவாங்க.

இந்த நாட்கள்ல ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, மேல் தோல் காகிதம் மாதிரி காய்ஞ்சு, உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்குது. ரெண்டாவதுதான் முக்கியம்... தாள் அறுத்த இடம், அதாவது கழுத்து, சுருங்கி மூடிக்குது. வெங்காயத்துக்கு அழுகல் பெரும்பாலும் அந்தக் கழுத்து வழியாத்தான் உள்ளே நுழையுது. கழுத்து மூடாத வெங்காயம் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குற ஹாஸ்டல் ரூம் மாதிரி. யார் வேணா வரலாம்!

நல்லா காய்ஞ்ச காய் மாசக்கணக்குல தாங்கும். பெரம்பலூர் பக்கம் போனீங்கன்னா தோட்டத்துக்குத் தோட்டம் ‘வெங்காயப் பட்டறை’ பார்க்கலாம். தரையிலேர்ந்து உயரமா, காத்து புகுந்து வர்ற மாதிரி தட்டியடிச்சு, மேலே கூரை போட்ட நீளமான கூடு. ஃபேன் இல்லை, கரன்ட் இல்லை... மெக்கானிக்கல் மக்கள் எல்லாம் ஒரு விசிட் அடிச்சுட்டு வரலாம்.

எங்க அப்பத்தாகிட்ட இதுக்கு ரெண்டே செகண்ட்ல ஒரு டெஸ்ட் இருக்கு. ஒரு கை அள்ளி, லேசா குலுக்கும். சலசலன்னு சத்தம் வந்தா ‘‘இது இருக்கட்டும்.’’ கம்முன்னு இருந்தா ‘‘இதை வித்துரு!’’

அந்த ‘வித்துரு’ கேட்டகிரிதான் பாஸ், பல நேரம் உங்க வீட்டுக்கு ‘ஃப்ரெஷ்’ முத்திரையோட வருது!

அந்தப் பத்து நாள் யார் செலவு?

‘அப்போ விவசாயி காய வெச்சே விக்க வேண்டியதுதானே?’ன்னு கேட்பீங்க. நானும் சின்ன வயசுல அப்பாகிட்ட இதையே கேட்டிருக்கேன். அவர் சொன்ன பதில் சிம்பிள். ‘‘காய் காயுற வரைக்கும் கடன் காயாதேப்பா.’’

யோசிச்சுப் பாருங்க. காயும்போது வெளியே போறது தண்ணி. தண்ணின்னா எடை. களத்துல நூறு கிலோ போட்டா நூறு கிலோ திரும்பி வராது. மண்டியில விலை கிலோவுக்குத்தான். காய்ஞ்ச காய்க்குக் கூடுதல் விலை கிடைச்சாத்தான் குறைஞ்ச எடைக்கு ஈடு ஆகும். கிடைக்கலேன்னா பத்து நாள் பொறுமையா இருந்ததுக்குப் பரிசு நஷ்டம்தான். நடுவுல ஒரு மழை வந்தா பரப்பின காய் மொத்தமும் போச்சு. விலை இறங்கினா அதுவும் போச்சு. விதைக்காய்க்கும் உரத்துக்கும் வாங்கின கடன் வேற வாசல்ல நிக்குது. அதனால அவசரப்பட்டு ஈரத்தோடயே ஏத்தி விடுறாங்க.

அந்தப் பக்கம் விவசாயிக்குக் காய வைக்க வசதி இல்லை. இந்தப் பக்கம் நாம ‘ஃப்ரெஷ்’ஷைப் பார்த்து க்ளிக் பண்றோம். ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்? தண்ணியை வெங்காய விலைக்கு வாங்கி, அதுல பாதியைக் குப்பைக் கூடையில போடுறோம்.

இது நாடு முழுக்க இருக்கிற தலைவலி. 2022-ல மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, வெங்காயத்தைச் சேமிச்சு வைக்கிறதுல நடக்கிற நஷ்டத்தைக் குறைக்க ஐடியா கேட்டு ‘கிராண்ட் ஆனியன் சேலஞ்ச்’னு ஒரு போட்டியே நடத்துச்சு. மகாராஷ்டிராவுல லாசல்கான்னு ஒரு ஊர்... நாட்டோட மிகப் பெரிய வெங்காயச் சந்தை அங்கேதான் இருக்கு. அங்கே முளை விடாம இருக்க வெங்காயத்துக்குக் காமா கதிர் காட்டுற ஒரு நிலையமும் பல வருஷமா இருக்கு. ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்கலைன்னு சுத்துற ஃபைனல் இயர் மக்களே... நோட் பண்ணிக்குங்க!

ஸ்கிரீன்ல ஒரு விலை... சட்டியில ஒரு விலை!

இப்போ கால்குலேட்டரை எடுங்க. ஸ்கிரீன்ல தெரியுற விலையை மறந்துட்டு, சட்டிக்குள்ள விழுற வெங்காயத்தோட விலையைக் கண்டுபிடிப்போம். ஃபார்முலா ஈஸி. கையைவிட்டுப் போன மொத்தக் காசை, சமையலுக்கு மிஞ்சின எடையால வகுக்கணும். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஆப்ல கிலோ 40 ரூபாய்னு வெச்சுக்குவோம். ரெண்டு கிலோ 80. டெலிவரி, ஹேண்ட்லிங், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம்னு ஒரு 25. மொத்தம் 105. வந்ததுல 200 கிராம் அழுகலும் முளையும். தோல், தலை, வால் இன்னொரு 200 கிராம். மிச்சம் 1.6 கிலோ. வகுத்துப் பாருங்க... கிலோ 65 ரூபாய் 60 காசு!

அடுத்தது சந்தை. விலை கொஞ்சம் கூடுதலா, கிலோ 46-னே வைப்போம். ஆனா கையால பொறுக்கி எடுத்ததால அழுகல் இல்லை. ரெண்டு கிலோ 92, பஸ்ஸுக்குப் போக வர 20. மொத்தம் 112. தோல் போக 1.8 கிலோ. கிலோ 62 ரூபாய் சொச்சம். ‘ப்பூ... மூணு ரூபா மிச்சத்துக்கு ஒரு மணி நேரம் அலையணுமா?’ன்னு கேட்டா, உங்க கேள்வி கரெக்ட். ரெண்டு கிலோவுக்காக பஸ் ஏறுறது வேஸ்ட்தான்.

ஆனா அதே சந்தையில நல்லா காய்ஞ்சதா பார்த்து அஞ்சு கிலோ வாங்குங்க. 230 ரூபாய், கூட பஸ்ஸுக்கு 20. மொத்தம் 250. தோல் போக 4.5 கிலோ. கிலோ 55 ரூபாய் 56 காசு! ஆப்ல வாங்கினதைவிட கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம்.

இதுல ட்ரிக் எங்கே இருக்கு? அஞ்சு கிலோ வாங்க முடியுறதே அது காய்ஞ்சிருக்கிறதாலதான். ஈர வெங்காயத்தை அஞ்சு கிலோ வாங்கினா மூணு கிலோ அழுகிடும். காய்ஞ்ச வெங்காயம்தான் உங்களுக்கு மொத்தமா வாங்குற தைரியத்தைக் குடுக்குது. இந்த நம்பர் எல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டது. உங்க ஏரியா விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பாருங்க. சில வாரம் ஆப் ஜெயிக்கும். ஆஃபர் போட்டு வெங்காயத்தைத் தூண்டில்ல மாட்டுற வாரம் கண்டிப்பா ஜெயிக்கும்!

அக்டோபர் வந்தா ஏன் அழ வைக்குது?

வெங்காயத்துக்கும் செமஸ்டர் உண்டு. நாட்டோட மொத்த விளைச்சல்ல சுமார் எழுபது சதவிகிதம் ரபி பருவத்துல வருது. மார்ச்லேர்ந்து மே வரைக்கும் அறுவடை. வெயில் காலம்ங்கிறதால நல்லா காயும், நல்லா தாங்கும். அதைத்தான் இருப்பு வெச்சு மழைக்காலம் முழுக்க நாடு சாப்பிடுது. இருப்பு தீர்ந்து, மழையில விளைஞ்ச புதுக் காய் சந்தைக்கு வர்ற வரைக்கும் நடுவுல ஒரு இடைவெளி. செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் விலை எகிறுறதுக்கு அந்த இடைவெளிதான் பெரிய காரணம். மழை கூடுதலா பெஞ்சு புதுக் காயும் அழுகினா கதை கந்தல்!

2019 டிசம்பர்ல அப்படித்தான் ஆச்சு. கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய், எகிப்து, துருக்கியிலேர்ந்தெல்லாம் வெங்காயம் இறக்குமதி பண்ணாங்க. 1998-ல டெல்லியில ஆட்சி மாறினப்போகூட வெங்காய விலைதான் பெரிய பேச்சு. அதனாலதான் விலை ஏறினதும் அரசாங்கத்துக்கு வியர்க்குது. 2024-ல 4.7 லட்சம் டன் வெங்காயத்தை இருப்பு வெச்சு, செப்டம்பர்லேர்ந்து கிலோ 35 ரூபாய்க்கு வித்தாங்க. அக்டோபர்ல 1,600 டன்னை ஒரே ரயில்ல ஏத்தி டெல்லிக்கு அனுப்புனாங்க. அந்த ரயிலுக்குப் பேரே ‘காந்தா எக்ஸ்பிரஸ்’. ‘காந்தா’ன்னா மராத்தியில வெங்காயம்!

இதுல நமக்கு என்ன பாடம்? மழை மாசங்கள்ல வாங்குற புது வெங்காயம் ஈரமாத்தான் இருக்கும். அப்போ ஒரு கிலோ, ரெண்டு கிலோன்னு கொஞ்சமா வாங்குங்க. ஏப்ரல், மே வெங்காயம் தாங்கும். அப்போ மொத்தமா வாங்குங்க.

ஒரு ரூபாயில 36 பைசா!

சரி, நாம குடுக்குற காசு எங்கே போகுது? ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024-ல வெளியிட்ட ஒரு ஆய்வுல தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூணையும் எடுத்துக் கணக்குப் போட்டிருக்காங்க. வெங்காயத்துக்கு நாம குடுக்குற ஒவ்வொரு ரூபாயிலயும் விவசாயிக்குப் போய்ச் சேர்றது சுமார் 36 பைசா. மிச்சம் ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, கமிஷன், கழிவு, சில்லறைக்காரர் லாபம்னு வழியெல்லாம் கரைஞ்சுபோகுது. மேலே சொன்ன 40 ரூபாய் கிலோவுக்கு இந்தக் கணக்கைப் போட்டா 14 ரூபாய் 40 காசு. அந்தக் காசுலதான் விதை, உரம், களை, தண்ணி, காவல், பிடுங்குற கூலி எல்லாம். எல்லாம் போக என் செமஸ்டர் ஃபீஸ்!

நடுவுல இருக்கிற எல்லாரும் வில்லன்னு நான் சொல்லலை. லாரி ஓட்டுற அண்ணனும், மூட்டை தூக்குற அண்ணனும், பைக்ல கொண்டுவந்து குடுக்குற அண்ணனும் அந்த 64 பைசாவுக்குள்ளதான் பொழைக்கணும். ஆனா அழுகிப்போற காய்க்கு ஆகுற செலவும் அதே 64 பைசாவுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. அதைக் குறைச்சா யார் வயித்துலயும் அடிக்க வேண்டியதில்லை.

சின்ன வெங்காயம்... பெரிய ரிஸ்க்!

எங்க வீட்டுச் சின்ன வெங்காயத்துல இன்னொரு சிக்கல் இருக்கு. பெரிய வெங்காயத்துக்கு விதை தனி. நாங்க போடுற சின்ன வெங்காயத்துக்குக் காயேதான் விதை. ஏக்கருக்கு 400 கிலோவுக்கு மேல விதைக்காய் நடணும். இப்போ மாட்டிக்கிட்டீங்களா? சின்ன வெங்காயம் கிலோ நூறு ரூபாய்னா எல்லாருக்கும் நடணும்னு ஆசை வரும். ஆனா விதைக்காயையும் அந்த உச்ச விலைக்குத்தான் வாங்கணும். 65-லேர்ந்து 90 நாள்ல எல்லாரும் ஒண்ணா பிடுங்குவாங்க. விலை விழும். உச்சத்துல வாங்கி, பள்ளத்துல விக்கிறது... ஷேர் மார்க்கெட்ல யாராவது இப்படிப் பண்ணா சிரிப்போம். எங்க ஊர்ல அதுக்குப் பேரு வெள்ளாமை.

இது போதாதுன்னு ஏற்றுமதித் தடை வேற. தமிழ்நாட்டுச் சின்ன வெங்காயம் மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்கெல்லாம் போகும். ஆனா வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறினதும் டெல்லியில கதவைச் சாத்துவாங்க. 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர்னு மூணு தடவை சாத்துனாங்க. 2020-ல பெங்களூரு ரோஸ், கிருஷ்ணாபுரம்னு ரெண்டு ரகத்துக்கு மட்டும் பத்தாயிரம் டன் வீதம் ஜன்னல் திறந்துவிட்டாங்க. நம்ம சின்ன வெங்காயத்துக்கு அந்த ஜன்னலும் இல்லை. கடைசியா இருந்த ஏற்றுமதி வரியை 2025 ஏப்ரல் 1-லேர்ந்து எடுத்துட்டாங்க. அடுத்த தடவை பல்லாரி விலை ஏறும்போது மறுபடியும் என்ன வருமோன்னுதான் எங்க வீட்டுல நியூஸ் பார்க்கிறாங்க.

அதனாலதான் சொல்றேன்... டவுன்ல இருக்கிற நாம காய்ஞ்ச காயைக் கேட்டு வாங்கப் பழகினா, பத்து நாள் பொறுமையா காய வெச்ச விவசாயிக்கு ஒரு விலை கிடைக்க வழி பிறக்கும். நமக்கும் குப்பை குறையும்.

அப்போ ஆப்பே வேணாமா?

அய்யய்யோ, அப்படிச் சொல்லவே இல்லை! நாளைக்கு இன்டர்னல்ஸ், மணி பத்து, கடையெல்லாம் சாத்தியாச்சுன்னா ஆப்தான் ஆபத்பாந்தவன். கொஞ்சம் உஷாரா வாங்குங்க, அவ்வளவுதான். இதோ டிப்ஸ்...

* விலையை மட்டும் பார்க்காம எடையையும் பாருங்க. சில ஆப்ல ‘ஒரு கிலோ’வுக்குக் கீழே பொடி எழுத்துல 900 கிராம்லேர்ந்துன்னு ஒரு வரம்பு போட்டிருக்கும். கிலோ என்ன விலைன்னு மனசுக்குள்ள ஒரு தடவை போட்டுப் பாருங்க.

* பை வந்ததும் பிரிச்சுடுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு மூலையில வெச்சீங்கன்னா ஒரு அழுகல் பத்தாகும். அழுகினதை உடனே போட்டோ எடுத்து ஆப்லயே புகார் குடுங்க. 2020-ல வந்த மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரி வெச்சிருக்கணும். புகார் வந்துச்சுன்னு 48 மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும். ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

* கொண்டுவந்த அண்ணனைத் திட்டாதீங்க. கட்டின பையைக் கொண்டுவந்து குடுக்கிறதுதான் அவர் வேலை. உள்ளே என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது.

* நேர்ல வாங்கினா மூணு டெஸ்ட். கழுத்தை அமுக்கணும்... கெட்டியா இருக்கணும். குலுக்கணும்... சலசலக்கணும். மோந்து பார்க்கணும்... வாசனை வீசவே கூடாது. உரிக்காத வெங்காயம் தூரத்துலேர்ந்தே நாறினா உள்ளே ஏதோ விபரீதம்!

* மேல் தோல்ல கறுப்புப் பொடி இருந்தா அது பூஞ்சை. மேலோட இருந்தா அந்தத் தோலையெல்லாம் எடுத்துட்டு, கழுவிச் சமைக்கலாம். உள் அடுக்கு வரைக்கும் போயிருந்தா தூக்கிப் போட்டுடுங்க.

* பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க. கூடையோ, வலைப் பையோ போதும். காத்துதான் அதுக்கு மருந்து. உருளைக்கிழங்கோட ஒரே கூடையில போடாதீங்க. உரிக்காத வெங்காயத்தை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க... அந்தக் குளிர்ல சீக்கிரம் முளை விடும்.

* ஈரமா வந்துடுச்சா? நியூஸ் பேப்பர்ல பரப்பி, ஃபேனுக்குக் கீழே ரெண்டு நாள் விடுங்க. அதுலயும் கழுத்து தடிச்சதை முதல்ல சமைச்சுத் தீர்த்துடுங்க.

* ரூம் பக்கத்துல உழவர் சந்தை இருக்கான்னு பாருங்க. 1999 நவம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம். கோயம்புத்தூர்ல ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி... எங்க மாவட்டத்துல தேனி, கம்பம்னு நிறைய இடத்துல இருக்கு. தினமும் காலையில விலையைப் போர்டுல எழுதிடுவாங்க. விளைய வெச்சவங்களே விக்கிறதால, ‘‘எப்போ பிடுங்கினது? எத்தனை நாள் காய வெச்சீங்க?’’ன்னு நேராவே கேட்கலாம். ஆப்ல இந்தக் கேள்விக்குப் பட்டனே இல்லை!

கடைசியா ஒரு ரிக்வெஸ்ட். ஆப்ல நட்சத்திரம் குடுக்குற இடத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும் பாருங்க, நம்ம கருத்தை எழுத. அதுல பெரும்பாலும் நாம எதையும் எழுதுறதில்லை. அடுத்த தடவை ஒரே ஒரு வரி எழுதுங்க. ‘நல்லா காய்ஞ்ச காயா அனுப்புங்க.’ ஒருத்தர் எழுதினா ஒண்ணும் ஆகாதுதான். ஒரு காலேஜைச் சுத்தி இருக்கிற ரூம் எல்லாம் எழுதினா, கொள்முதல் பண்றவங்க மண்டியில போய் அதைக் கேட்பாங்க. மண்டியில கேட்டா, களத்துல இன்னும் பத்து நாள் விட்டு வைக்க எங்க அப்பா மாதிரி ஆட்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும் பார்க்கிற இடத்துல எல்லாம் கழுத்தை அமுக்கிப் பாருங்க... வெங்காயத்தோட கழுத்தைச் சொன்னேன் பாஸ்!